புல்லுக்கு ஓய்வு

பூட்டிக் கிடந்த பூங்காவின் கேற்றுக்குச் சீனிமுகம்மது முதலாளி காலால் ஓர் உதை விட்டார்.

"றஸாக்! திறடா!"

கேற்றோரம் றோட்டைப் பார்த்துக் குந்தியிருந்த காவல்காரன் றஸாக் பதறி எழும்பினான்.

"சத்தம் போடாதீங்க முதலாளி. பின்னேரம் அசருக்குத்தான் திறக்கிற."

"ஆர்ரா சொன்ன? பலகையில என்ன எழுதியிரிக்கி? காலையில இருந்து அந்தி மஃரிப் மட்டும் எண்டு எழுதியிரிக்கா, இல்லையா?"

"ஓம் முதலாளி."

"பொறகு?"

"பொறகு... அசருக்குத் திறப்பன்."

முதலாளிக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். தலையில் கருவாட்டுக் கூடை சுமந்து, ஊர் ஊராக ஏச்சு வாங்கி, கல்முனை பஸாரில் கடையும் பட்டினசபையில் இடமும் பிடித்த மனிதர். பகல் சோறும் கடைக்கே வந்துவிடும். தின்ற பிறகு தகரக் கூரைச் சூட்டில் அவிந்து கிடக்க வேண்டும். வெள்ளைக்கார மகாராணி வந்துபோன வருஷம் பட்டினசபை திறந்த பூங்கா அடுத்த வளவில்தான் இருக்கிறது. வாகை மர நிழலில் ஒரு கண் அயர வந்தால், பூட்டு!

"பொதுச் சொத்த உன்ட ஊட்டு அறை மாதிரிப் பூட்டி வைக்கிறியா? நாளைக்குச் சபைக் கூட்டம். உனக்கு வேலை இரிக்கா எண்டு நான் பாக்கிறன்."

றஸாக்கின் முகம் செத்துப்போனது. பிள்ளைகுட்டிக்காரன். ஆனாலும் மடியிலிருந்த பூட்டுத் திறப்பை அவன் எடுக்கவில்லை.

அதுதான் முதலாளிக்கு உறுத்தியது. வேலை போகும் என்றாலும் திறக்கமாட்டான் என்றால், உள்ளே என்னவோ நடக்கிறது. கள்ளா? சூதா? கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்டால் நாளைக்குச் சபையில் பேச்சே தேவையில்லை.

கடைக்குப் போவதுபோலப் போய், பின் ஒழுங்கையால் சுற்றி வந்தார். தென்னோலைக் கிடுகு வேலியை விரலால் விலக்கி ஒரு கண்ணை வைத்தார்.

உள்ளே பெண்கள்.

முக்காட்டுத் துணிகள் எல்லாம் செவ்வரத்தைச் செடிகளில் தொங்கின. ஒருத்தி புல்லில் கையையும் காலையும் விரித்து உறங்குகிறாள். இரண்டு பேர் சின்னப்பிள்ளைகள் மாதிரி ஆளையாள் துரத்துகிறார்கள். வாகை மரத்து ஊஞ்சலில் ஒருத்தி, பலகையில் எழும்பி நின்று, சீலை காற்றில் பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஆடுகிறாள்.

முதலாளி சட்டென்று வேலியை விட்டார்.

திரும்பிக் கேற்றுக்கு வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எவ்வளவு நாளா இது?"

றஸாக்குக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்தான்.

"போன மாரி முடிஞ்சதுல இருந்து, முதலாளி. என்ட பொஞ்சாதி ஜெமீலா ஒரு நாள் கேட்டா, நீங்க காக்கிற பார்க்குக்குள்ள என்னதான் இரிக்கி எண்டு. ஆம்பிளைகள் உறங்குற நேரத்துல பின்பக்கத்தால கூட்டி வந்தன். அவ மத்தவளுக்குச் சொல்லி, மத்தவ இன்னொருத்திக்குச் சொல்லி..."

"ஆர் ஆர் வாற?"

"அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் உள்ளுக்குப் பாக்கிறல்ல. றோட்டப் பாத்துத்தான் நிக்கிற. என்ட வேலைய எடுங்க முதலாளி, எடுங்க. இத மட்டும் வெளிய கதைச்சிராதீங்க. புருசன்மாருக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தியையும் வாசலத் தாண்ட விடமாட்டாங்க."

முதலாளி கடைப் பக்கம் நடந்தார்.

அடுத்த நாள் சபை கூடியது. சேர்மன் ஸைனுலாப்தீன் கண்ணாடியை மூக்கில் மாட்டினார்.

"சீனிமுகம்மது காக்கா, என்னவோ முறைப்பாடாம்?"

"ஓம். பார்க் காவல்காரன் பகல்ல கேற்றப் பூட்டுறான்."

"அப்ப அவன நிப்பாட்டிருவம்."

"ஆர நிப்பாட்டுற? அவன் பூட்டுறது காணாது எண்டுதான் என்ட முறைப்பாடு!"

சபை ஒருவரையொருவர் பார்த்தது. பக்கத்துக் கடைக்கார அங்கத்தவர் அதாவுல்லா சிரித்தார்.

"நேத்து நீங்க கேற்றுக்கு உதைச்ச சத்தம் என்ட கடை மட்டும் கேட்டிச்சே காக்கா!"

"உதைச்சதுதான். பூட்டு உறுதியா எண்டு பாத்தன்."

"என்னத்துக்குப் பூட்டணும்?"

"பகல்ல ஆளுகள் விழுந்து படுத்துப் புல்லெல்லாம் சாகுது. புல்லுக்கும் ஓய்வு வேணாமா?"

"சரி, ஒரு மணித்தியாலம் பூட்டட்டும்," என்றார் சேர்மன்.

"காணாது. பகல் லுஹர் தொழுகை முடிஞ்சா பூட்டணும். அசர் மட்டும்."

"நடுவால வெச்சிக்குவம். ஒண்டரை மணித்தியாலம்."

"அசர் மட்டும்! பலகையிலயும் அப்பிடியே எழுதணும்."

"புல்லுக்கு வழக்குப் பேச அப்புக்காத்து வந்திரிக்காரு!" என்றார் அதாவுல்லா. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

வேறு நாளென்றால் மேசை புரண்டிருக்கும். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, தீர்மானம் எழுதி முடியும் மட்டும் அசையாமல் இருந்தார்.

அவர் வீட்டுக்கு வருமுன்பே கதை வந்து சேர்ந்திருந்தது. மனைவி கைருன்னிஸா சோற்றை வைத்துவிட்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

"புல்லுக்காகச் சண்டை பிடிச்சீங்களாமே?"

"ம்."

"புல்லுல ஒங்களுக்கு என்ன அவ்வளவு இரக்கம்?"

முதலாளி சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் தின்றார்.

"ஊஞ்சல்ல எழும்பி நிண்டு ஆடாத புள்ள," என்றார். "கயிறு பழசு."