சென்னம்மா பெஞ்ச்

“வீராசாமி, பேரை மூணாவது வாட்டியும் சுரண்டிட்டான். இது அந்த உமாபதி வேலைதான்.”

வேதாச்சலம் கொதித்தார். மனைவி இறந்ததும் அவள் நினைவாக, ஆந்திரப் புத்தூர் பஸ் நிறுத்தத்துப் புங்க மரத்தடியில் அவர் போட்ட சிமெண்ட் பெஞ்ச் அது. முதுகு சாயும் பக்கம் தெலுங்கில் எழுதிய ‘சென்னம்மா’ இப்போது பாதிக்கு மேல் காணோம்.

பத்தடி தள்ளி, வெயிலில், உமாபதி போட்ட ஸ்டீல் பெஞ்ச். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனின் உபயம். அதில் பெயர் எழுதினது எழுதின மாதிரியே இருந்தது. “இந்தக் காலத்துல சிமெண்டாப்பா?” என்று உமாபதி அன்று கேட்டது வேதாச்சலத்துக்கு இன்னும் ஆறவில்லை.

“திரும்ப எழுது. ஈரம்னு போர்டு வெக்காத. எவன் சுரண்டறானோ அவன் கையே காட்டிக் குடுத்துரும்.”

பெயிண்டர் வீராசாமி எழுதி முடித்தார். இருவரும் எதிர் டீக்கடையில் காவல் இருந்தார்கள்.

உமாபதி வந்தார். தன் பெஞ்சைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். நேராக மரத்தடிக்குப் போய், சென்னம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வேதாச்சலம் ஓடினார். “கையக் காட்டுய்யா.”

உமாபதி திகைத்துப்போய் இரண்டு கையையும் நீட்டினார். சுத்தமாக இருந்தன. எழுந்து திரும்பியபோதுதான், வெள்ளைச் சட்டை முதுகில் சென்னம்மா நீலமாக ஒட்டியிருந்தது தெரிந்தது.

“உன் பெஞ்ச வுட்டுட்டு இங்க இன்னாத்துக்குக் குந்தின?”

உமாபதி குரலைத் தாழ்த்தினார். “அது தோசைக்கல்லு மாரி சுடுதுப்பா. எவனும் குந்தறதில்ல. திருப்பதி பஸ்ஸுக்கு வர்றவங்க எல்லாம் தெனமும் இங்கதான் சாஞ்சிக்கினு இருக்கோம்.”

வேதாச்சலத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் நிற்க வைத்துப் பேசத் தெரியாதவள் சென்னம்மா.

வீராசாமி டப்பாவைத் திறந்தார். “பெஞ்சுக்குப் பின்பக்கம் எழுதிடட்டுங்களா? முதுகு படாது. பத்து வருஷம் நிக்கும்.”

“வேணாம். சாயற எடத்துலயே எழுது.”

“திரும்ப அழிஞ்சிடுமே?”

“அழியலைன்னா வந்து சொல்லு. பெஞ்ச வேற நெழலாப் பாத்து மாத்திப் போடலாம்.”