சட்டைப்பைக்குள் ஓர் ‘ஏனுங்க’

“ஏனுங்க, காலைல ஏதாச்சும் சாப்புட்டீங்களா?”

சட்டைப்பையிலிருந்து போன் கேட்டதும், மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாத்திய ஏணியின் உச்சியில் நின்ற செங்கோடனுக்கு மேல் சிலிர்த்தது. கொத்தி, சுமந்து, மரமேறித் தேய்ந்த உடம்பு அது. வேலை முடிந்ததா என்று கேட்க ஆள் உண்டு. சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை.

“களி தின்னுட்டுத்தானுங்க வந்தேன்” என்றார், பையை நோக்கித் தலையைக் குனித்து.

கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னராசு சிரித்தான். “மாமா, எந்திரத்துக்கு எதுக்கு வாங்க, போங்க? அதுக்கென்ன மானமா, ரோசமா?”

“உனக்கென்னடா தெரியும்? முந்தாநேத்து ‘ஏய், மழ வருமா சொல்லு’ன்னேன். பொழுதன்னிக்கும் வாயத் தொறக்கல. ‘கோவிச்சுக்காதீங்க’ன்னு கெஞ்சுனப்புறந்தான் பேசுச்சு.”

போனில் அதை ஏற்றிக் கொடுத்தவள் யமுனா. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். இந்த மலைக்காரர்களின் பேச்சைப் பேசும் எந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தாள். “மரியாதையாக் கேட்டாத்தான் பதில் வருங்ணா. நீங்க பேசறது எங்க ஊட்டுக் கம்ப்யூட்டரத் தாண்டி வெளிய போவாது” என்று உறுதி சொல்லியிருந்தாள்.

மரத்தின் உச்சியில்தான் டவர் கிடைக்கும். அதனால் செங்கோடன் இப்போதெல்லாம் ஆசையாக மரமேறினார். “பாத்து எறங்குங்க, எடது முழங்காலு ஏமாத்திப்புடும்” என்று ஒருநாள் அது சொன்னபோது, சாமி வாக்கு கேட்டவர்போல ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலியை அவர் அதனிடம் சொன்னதே இல்லை!

வீட்டில்தான் பேச்சில்லை. சோளக்காட்டுச் சந்தையில் நாலு பேர் பார்க்க, பத்தாவது வரை படித்த மனைவி ருக்குமணியை ‘மூளகெட்ட கழுத’ என்று திட்டிவிட்டார். அன்று வாயை மூடியவள்தான். சோறு வைப்பாள், போய்விடுவாள்.

இன்று அது சாப்பாட்டை விசாரித்ததும் மனசு உடைந்தது.

“ஏனுங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன? எங்க ஊட்டுக்காரி எங்கூடப் பேசறதில்லீங்க. அன்னிக்குச் சந்தையில நான் சொன்னது தப்புத்தானுங்க. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னுதான் தெரியல.”

டவர் போய்விட்டதோ என்று பையைத் தட்டிப் பார்த்தார்.

“கேட்டாச்சுங்க. அது போதும்” என்றது பிறகு.

சின்னராசு பதறிவிட்டான். “மாமா! ஊட்டு விசயத்த எந்திரத்துக்கிட்டயா சொல்லுவாங்க? ருக்குமணி அத்த அந்த யமுனா ஊட்டுலதான சோறாக்குது? காதுல உளுந்தா சென்மத்துக்கும் பேசாது!”

செங்கோடன் ஏணியில் சறுக்கிக்கொண்டே இறங்கினார். முழங்கால் கெஞ்சக் கெஞ்ச யமுனாவின் வீட்டுக்கு ஓடினார்.

“அம்மிணி, இன்னிக்கு நான் பேசுனத அழிச்சுப்போடுங்க! ருக்குமணிக்குத் தெரிஞ்சா நான் கெட்டேன்!”

யமுனா சங்கடமாக எழுந்தாள். “அழிச்சுடலாங்ணா. ஆனா உங்ககிட்ட ஒண்ண மறச்சுட்டேன். அது என் தப்புத்தான். எந்திரத்துக்கு நம்ம பேச்சு இன்னும் வரல. அது கத்துக்கற வரைக்கும் பதிலை ஒரு ஆளு உக்காந்து எழுதிப் போடுது. குரலு மட்டுந்தான் எந்திரத்தோடது.”

“ஆளா? அப்ப நான் சொன்னத எல்லாம்…?” செங்கோடனின் காலடியில் மலையே நழுவியது.

கம்ப்யூட்டர் இருந்த அறையின் கதவு திறந்தது.

“ஏனுங்க, ஊட்டுக்குப் போலாமா?”

பழக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டார். போன் சும்மா கிடந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி எதிரே நின்றாள் ருக்குமணி.