மக்கர் பண்ணிய காற்றாடி

"இந்த மிஷினைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பப் போறேன். இதுவும் வேண்டாம், இது குடுக்குற தண்ணியும் வேண்டாம்!"

பம்ப் ரூம் வாசலில் நின்று அப்பா கத்தினார். கத்தமாட்டாரா பின்னே? மிளகாய் நாற்று நட்டு நாலு நாள்தான் ஆகிறது. ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் தலையைத் தொங்கப்போட்டுவிடும். காற்றாடி வைத்து அந்தக் கரண்டில் பம்பை ஓட்டினால் டீசல் தொல்லை விட்டது என்று மகன் ஒற்றைக்காலில் நின்று வாங்க வைத்தான். வாங்கிய நாளிலிருந்து வாரம் தவறாமல் மக்கர்.

"மெக்கானிக் பொண்ணு வந்தா மட்டும் சமத்தா ஓடுது. அவ ஸ்கூட்டர் தெருமுனை தாண்டுனதும் படுத்துக்குது!"

"கொஞ்சம் பொறுங்க. ஃபோன் பண்ணியாச்சு, வந்துடுவா" என்றாள் அம்மா.

சொல்லி வாய் மூடவில்லை, ஸ்கூட்டர் வந்து நின்றது. வழக்கமாக அவள் உள்ளே போவாள், மகன் ஸ்க்ரூடிரைவரை நீட்டிக்கொண்டு கூடவே நிற்பான். கொஞ்ச நேரத்தில், "சரியாயிடுச்சு ஐயா" என்று சிரித்துக்கொண்டே வெளியே வருவாள்.

இன்று அப்பா வழிமறித்தார். "ரிப்பேர் வேண்டாம்மா. கழட்டி எடுத்துட்டுப் போயிடு."

அவள் முகம் வாடிப்போயிற்று. மகன் முகம் அதைவிட மோசம்.

"அப்பா, மிஷின் மேல தப்பே இல்ல. ஒவ்வொரு தடவையும் நான்தான் பிரேக் சுவிட்சைப் போட்டு நிறுத்தினேன்."

"எதுக்குடா?"

மகன் தரையைப் பார்த்தான். காது மட்டும் சிவந்தது.

"எதுக்குன்னு வேற கேக்குறாரு!" அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பாவுக்கு இப்போதுதான் உறைத்தது. மெக்கானிக் பெண் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சுவிட்ச் போட்டிருந்தது உனக்குமா தெரியல?"

"முதல் நாளே தெரியும் ஐயா."

"அது சரி!" வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. "அப்ப இன்னைக்கும் நீதானாடா?"

"சத்தியமா இல்லப்பா. நாத்து நட்டதுக்கப்புறம் அதைத் தொடவே இல்ல. மேல பாருங்க, காத்தாடி சுத்துது. தண்ணிதான் வரல. எனக்கே புரியல."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காற்றாடி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போனாள். நொடியில் பம்ப் உறுமியது. தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்து மிளகாய்ப் பாத்திக்கு ஓடியது. அப்பா செருப்போடு வாய்க்காலில் இறங்கி நின்றார். அப்படி ஒரு சந்தோஷம்.

"பலே! என்னம்மா கோளாறு?"

அவள் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தாள். மகனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நாத்து நட்டாச்சுன்னா இவர் பிரேக்கைத் தொட மாட்டார்னு தெரியும் ஐயா. அதான், போன தடவை வந்தப்ப நானே ஒரு வயரை இறுக்காம விட்டுட்டுப் போனேன்."