கேப்டன் அம்பலவாணனும் புதுத் துப்பாக்கியும்

“இந்தத் துப்பாக்கி பழைய மாடல், கேப்டன்” என்றான் கார்த்திகேசன்.

வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் அம்பலவாணனை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

“பழசா?”

“ஆமா. இப்பம் ஒவ்வொண்ணா மாத்துதாங்க. புதுசுல தோட்டா போடுத மேகசின் நல்லா வளைஞ்சிருக்கும். பின்கட்டையை மடக்கிக்கிடலாம்.”

“ஏலே, பத்தொன்பது வருஷமா துப்பாக்கி தூக்குதேன். எனக்கே பாடம் எடுக்கியா? எங்க, ஒரு சல்யூட் அடி பாப்போம்.”

“துப்பாக்கி கையில இருக்கும்போது கையைத் தூக்கி சல்யூட் அடிக்கக் கூடாதே.”

“சல்யூட்டே வரலை. உனக்கும் ராணுவத்துக்கும் ஒட்டாதுலே. வெளிய வா.”

கார்த்திகேசன் துப்பாக்கியைப் பக்கத்தில் நின்ற ஆசாரியிடம் நீட்டினான். ஈரப் பெயின்ட் அவன் விரலில் ஒட்டியிருந்தது.

“வேற என்ன வேஷம் பாக்கி இருக்கு?”

“குரங்கு.”

வாலை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆசாரி மெல்லக் கேட்டார். “அவன் யாருன்னு தெரியுமாவே? அம்பாசமுத்திரத்துப் பையன். காஷ்மீர்ல பட்டாளத்துல இருக்கான். குலசை தசராவுக்கு வேஷம் கட்டுதேன்னு அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு, லீவு போட்டு வந்திருக்கான்.”

கேப்டன் மரத் துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“தெரிஞ்சுதாம்வே அனுப்புனேன். பட்டாளத்துக்காரன் பட்டாள வேஷம் கட்டுனா அது வேஷமா? அம்மனை ஏமாத்தலாமா?”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த மேகசின் எவ்வளவு வளையணும்னு அவன்கிட்ட பைய கேட்டுட்டு வாரும்.”