உட்காரத் தெரியாதவர்

"நடக்க முடியாதவன் வேஷத்துக்குப் போன என்னை, 'உங்களுக்கு அது சரியா வரலை'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க! எகிப்து மண்ணுல இந்தப் பெருமை வேற எவனுக்காவது உண்டா?"

உஸ்தாத் வஹ்பி நடைபாதையிலிருந்து போட்ட சத்தத்தில் இம்பாபா சந்து மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நைல் நதிகூட ஒரு நொடி நின்றுவிட்டுப் போனதாகக் கேள்வி.

வஹ்பி தந்தி ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; 'உஸ்தாத்' என்பது சந்து கொடுத்த மரியாதைப் பட்டம். ஆறு வயதில் வந்த போலியோவுக்குப் பிறகு அவருக்குக் கால் என்றால் சக்கர நாற்காலிதான். ஹாஜி ஸக்லூலின் காபிக்கடை வாசலில் மூன்று பளிங்குப் படிகள். அதனால் ஊர் உள்ளே, வஹ்பி வெளியே. டொமினோ ஆட்டத்தைக்கூட ஜன்னல் வழியாகத்தான் ஆடுவார். ஜனவரிக் குளிரில் அவர் மூக்கு தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது.

"அளந்து விடுங்க உஸ்தாத், அளக்கறதுக்கு என்ன வரியா போடறாங்க?" என்றார் உள்ளிருந்து ஸக்லூல்.

"சத்தியமா ஹாஜி! ரமலான் டிவி நாடகத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். ஏழை, கால் வராதவன், நாலு பொண்ணைப் பெத்தவன். நான் ஏழை, கால் வராது, பொண்ணு அஞ்சு. ஒண்ணு கூடவே இருக்கே!"

கடை சிரித்தது. அடுத்த மேஜையிலிருந்த சலூன் ஷஹாத்தா கேட்டார்: "அப்புறம் ஏன் உஸ்தாத், வேண்டாம்னாங்க?"

"டைரக்டர் என்னைச் சுத்திச் சுத்தி வந்தான். 'சட்டை ஏன் இஸ்திரி போட்டிருக்கு? ஏழைன்னா கசங்கி இருக்கணுமே'ன்னான். கசக்கினேன். 'நாற்காலி ஏன் சத்தமே போடலை? கிறீச் கிறீச்னு அழணும்'னான். நேத்துதான் எண்ணெய் போட்டேன், மன்னிச்சுக்கோன்னேன். 'சரி, தலைவிதியை நினைச்சுக் கண் கலங்குங்க'ன்னான். நான் உன் மூஞ்சியைப் பார்த்துட்டேனே தம்பி, எப்படி அழறதுன்னு சிரிச்சுட்டேன். ஐநூறு பேர் வரிசையில நின்னாங்க, அத்தனை பேரும் சிரிச்சாங்க. காமிரா ஆடிப் போச்சு! கடைசியில, 'உங்க உட்கார்ற தோரணையே இயல்பா இல்லை'ன்னுட்டான். அறுபது வருஷமா உட்கார்ந்தே இருக்கேன்யா, உட்காரத் தெரியலைன்னு பெயில்!"

ஷஹாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஸக்லூல் மட்டும் சிரிக்கவில்லை. இல்லாத தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பொய். பச்சைப் பொய். நிஜமான ஆளே வந்து நிக்கும்போது..."

"நிக்கலை ஹாஜி. உட்கார்ந்திருந்தேன்."

"எதுவோ! எவனாவது வேண்டாம்னு சொல்வானா? நம்பற மாதிரி சொல்லுங்க."

"நம்பினா என்ன தருவீங்க?"

"ஒரே ஒரு சாட்சி கொண்டு வாங்க. படியை உடைச்சு, உங்க நாற்காலி ஏறுறதுக்குச் சரிவு கட்டித் தரேன்!"

பதினொரு வருடமாக வஹ்பி கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். இந்த ரமலானிலாவது டிவிக்குக் கீழே எல்லாரோடும் தோளுரச உட்கார்ந்து நாடகம் பார்க்க வேண்டும். கேட்கும்போதெல்லாம், 'சரிவு கட்டினா கடை ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்' என்பார் ஸக்லூல். ரமலானுக்கு இன்னும் ஐந்தே வாரம்.

வஹ்பியின் முகத்தில் முதல் முறையாகக் குறும்பு குறைந்தது. "தனியாத்தான் போனேன் ஹாஜி. சாட்சிக்கு எங்கே போவேன்?"

"அப்படி வாங்க வழிக்கு!" ஸக்லூல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஷஹாத்தா விடவில்லை. "சாட்சி இல்லைன்னா சத்தியம். ஹாஜி, இது பொய்னு தலாக் மேல சத்தியம் பண்ணுங்க, நாங்க நம்பறோம்."

இதில் கஷ்டமே இல்லை. ஸக்லூல் ஒரு நாளைக்கு நாற்பது தடவை மனைவியை அப்படிப் பணயம் வைப்பவர். புதினா காலையில் பறித்ததா? தலாக் மேல் சத்தியம். தேயிலை கலப்படம் இல்லையா? மூன்று தலாக் மேல் சத்தியம். சத்தியம் பொய்யானால் பெண்டாட்டி கையை விட்டுப் போய்விடுவாள் என்று அந்தச் சந்தில் எல்லாரும் மனதார நம்பினார்கள். போயிருந்தால் அந்த அம்மாள் இதற்குள் மொரோக்கோவையே தாண்டியிருப்பார்.

ஸக்லூல் வாயைத் திறந்தார். "இது மட்டும் நடந்திருந்தா, என் பெண்டாட்டி..."

மேல்மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. துவைத்த துணிகளுக்கு நடுவிலிருந்து அவர் மனைவி ஹிக்மத்தின் தலை எட்டிப் பார்த்தது.

"சொல்லுங்க ஹாஜி! நிறுத்திட்டீங்களே? நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சத்தியத்தை முடிச்சீங்கன்னா நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு!"

ஸக்லூல் வாயை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். அந்தக் குளிரிலும் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"என்ன ஹாஜி, தொண்டையில பேரீச்சங்கொட்டையா?" என்றார் ஷஹாத்தா.

ஸக்லூல் மெதுவாக மூன்று படிகளிலும் இறங்கி வந்தார். வஹ்பியின் முன்னால் தலை குனிந்து நின்றார்.

"ஐநூறு பேர் இல்லை, நாற்பது பேர்தான். மத்ததெல்லாம் நடந்துச்சு உஸ்தாத். சாயங்காலம் நான் போனப்போ அந்த டைரக்டரே எல்லாத்தையும் சொன்னான்: 'காலையில ஒருத்தர் நிஜ நாற்காலியிலேயே வந்தாரு, கொஞ்சமும் பொருந்தலை. நீங்கதான் பிறவியிலேயே கால் வராதவர் மாதிரி இருக்கீங்க'ன்னு... அந்த வேஷத்தை எனக்குத்தான் குடுத்திருக்காங்க."