ஒன்பது அம்மாக்கள்

“ஒன்பது பிள்ளைங்களோட அம்மாவுக்கும் ஒரே கையெழுத்தா?”

தலைமையாசிரியை ரேங்க் கார்டுகளை மேசைமேல் பரப்பினார். எதிரே பெண்கள் இல்லத்து வார்டன். பக்கத்தில் பதினோராம் வகுப்புச் சீருடையில் தலைகுனிந்து நின்றாள் பெரியக்கா. இல்லத்துச் சின்னப் பிள்ளைகள் வைத்த பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

“கார்டுல இல்லத்து சீலை வெச்சுக் கொண்டு வாடின்னு குடுத்தா, கள்ளக் கையெழுத்தா போடற?” வார்டன் பொரிந்து தள்ளினார். “சோறு போட்டு வளர்த்ததுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டே! இன்னைக்கே கமிட்டிக்கு எழுதறேன். வேற ஊர் இல்லத்துக்கு மூட்டையைக் கட்டிக்க.”

அந்த ஒன்பது பேரையும் விட்டுப் போவதா? அவள் நிமிர்ந்தாள்.

“சின்னதுங்க அழுதுச்சுங்க மேடம். மத்தவங்க கார்டுல அவங்க வீட்ல ஏதாவது எழுதி அனுப்பறாங்க. எங்களுதுல வெறும் சீலு. ‘இதென்ன, தபால்ல வந்த பார்சலா?’ன்னு கூடப் படிக்கிறதுங்க கேலி பண்ணுதுங்க.”

“அதுக்காக ‘அம்மா’ன்னு கையெழுத்துப் போடுவியா?” என்றார் வார்டன்.

தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ‘பெற்றோர் கருத்து’ என்ற கட்டத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார்.

‘கணக்கில் போன தடவை பன்னிரண்டு, இப்போது முப்பத்தெட்டு. என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது.’

‘அறிவியலில் குறைந்ததற்குக் காய்ச்சல்தான் காரணம், சோம்பல் இல்லை. திட்ட வேண்டாம் டீச்சர்.’

‘இவளுக்குப் போர்டில் எழுதுவது தெரிவதில்லை. தயவுசெய்து முன் பெஞ்சில் உட்கார வையுங்கள்.’

“அவளுக்குக் கண்ணு தெரியலையா?” வார்டன் திடுக்கிட்டார். “எங்கிட்ட யாருமே சொல்லலையே!”

“கார்டுல இருந்துச்சே. நாங்க முன் பெஞ்சுக்கு மாத்தினோம். அடுத்த பரீட்சையில பாஸ் பண்ணிட்டா” என்றார் தலைமையாசிரியை.

பெற்ற ஒன்றிரண்டையே நம்மில் எத்தனை பேர் இப்படிக் கவனிக்கிறோம்? இவளுக்குப் பதினாறு வயது, ஒன்பது பிள்ளைகள்!

தலைமையாசிரியை இழுப்பறையிலிருந்து பத்தாவது கார்டை எடுத்தார். அது பெரியக்காவுடையது. சீல் இருந்தது. கட்டம் காலி.

“உன்னோடதுல மட்டும் ஏன் ஒண்ணும் எழுதலை?”

“நம்மள நாமே பாராட்டிக்கிட்டா நல்லாவா இருக்கும் மேடம்?” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“கமிட்டிக்கு என்ன எழுதப் போறீங்க?” என்றார் தலைமையாசிரியை.

“அது கிடக்கட்டும் மேடம். முதல்ல இதுல எழுதணும்.”

வார்டன் கார்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் காலிக் கட்டத்தில் பேனாவை வைத்தார். என்ன எழுதுவது?

பேனாவை மூடிவிட்டு, ஏழு வருடமாகத் தன் இல்லத்தில் வளரும் பெண் என்ன மார்க் வாங்குகிறாள் என்று முதன்முதலாகப் படிக்க ஆரம்பித்தார்.