முந்நூறு வருட வாசல்

“இந்தத் தூணில் நாலு விரல் செதுக்கினாலே போதும். சக்கர நாற்காலி உள்ளே போய்விடும்.”

யூலியானா மூன்றாவது முறையாக டெனிஷ் மொழியில் அதையே கேட்டாள்.

கிர்ஸ்டன் மறுப்பாகத் தலையை ஆட்டினார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி அவர்.

“இது வெறும் கதவு நிலை இல்லை. கூரையைத் தாங்குகிற தூண். இந்த வீட்டில் சுவர்கள் எதையும் தாங்கவில்லை, அவை களிமண்ணும் வைக்கோலும்தான். ஓக் மரச் சட்டங்கள்தான் வீடு. முந்நூறு வருடங்களுக்கு முன் தச்சர்கள் தரையில் வைத்துப் பொருத்தி, அடையாளம் வெட்டி, பிறகு தூக்கி நிறுத்தினார்கள். அந்த வெட்டு இன்னும் இருக்கிறது, பாருங்கள்.”

யூலியானா பார்க்கவில்லை. முற்றத்துச் சரளைக்கல்லில் நாற்காலியோடு நின்றுவிட்ட அம்மாவைப் பார்த்தாள்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை அம்மா மேரிசெலினுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கத்தோடு, முப்பது வருடம் பேசிய டெனிஷும் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது. ஹேர்னிங் நகரில் அவள் இப்போது இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் அதைக் கேட்க ஆளில்லை.

“என்னவாம் பிள்ளை?”

“பொறுங்கோ அம்மா, கதைக்கிறன்.”

“ஒரு மூலையிலை கிடப்பன் எண்டு சொல்லு. அங்கை நான் சுவரோடைதான் கதைக்கிறன். இது எண்டாலும் வருசா வருசம் நான் வெள்ளை அடிச்ச சுவர்.”

அந்தோனிமுத்து மனைவியின் தோளில் சால்வையை இழுத்துவிட்டார்.

“மனசை விடாதை செலின். சட்டம் எண்டா நாங்கள் என்ன செய்யிறது?”

“அப்பா, நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கோவன். வீட்டுக்காரர் நீங்கள்தானே.”

“நான் சொல்லியே கேக்கப் போகினம்? இக்காஸ்ட் பக்டரியிலை இருவத்தெட்டு வருசம் ஓம் ஓம் எண்டு தலையாட்டினவன் நான்.”

யூலியானா மறுபடி கிர்ஸ்டனிடம் திரும்பினாள்.

“பக்கத்து வீடும் இதே மாதிரிப் பழசு. அவர்கள் மேலே இரும்புச் சட்டம் கொடுத்து வாசலைப் பெருப்பித்தார்கள். வீடு விழவில்லையே.”

“விழாது. இங்கேயும் அப்படிச் செய்தால் விழாது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட வீடு இல்லை. இது, இந்த வசந்தத்திலிருந்து, பாதுகாக்கப்பட்ட வீடு.”

“பின்பக்கம் புதிதாக ஒரு வாசல்?”

“அடிச்சட்டத்தை அறுக்க வேண்டிவரும். அனுமதி கிடைக்காது.”

“அதாவது, மரத்துக்குக் காவல் இருக்கிறது. மனுசி வெளியே நிற்கலாம்.”

கிர்ஸ்டனின் முகம் சிவந்தது.

மேரிசெலின் இடது கையை நீட்டினாள். தூண் எட்டவில்லை. யூலியானா நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். சக்கரம் உயர்ந்த வாசற்படியில் இடித்து நின்றது.

“சரி பிள்ளை, காணும். திருப்பு,” என்றாள் மேரிசெலின்.

“வாற ஞாயிறு சோறும் கறியும் கொண்டு வாறன், செலின்,” என்றார் அந்தோனிமுத்து. “அங்கை நல்லாப் பாக்கினம்தானே.”

யூலியானா காரை நோக்கி நாற்காலியைத் திருப்பினாள். கிர்ஸ்டன் பின்னாலேயே வந்தார்.

“உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாங்களாக இந்த வீட்டைத் தேடி வரவில்லை. ஜனவரியில் உங்கள் அப்பாதான் எங்களிடம் வந்தார். இனி யாரும் இதன் வாசலைக்கூட மாற்ற முடியாதபடி பாதுகாத்துத் தாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டார்.”

யூலியானாவின் கைகள் நாற்காலிப் பிடியில் அப்படியே நின்றன.

“என்னவாம் அவ?” என்று கேட்டாள் மேரிசெலின்.

“வீடு நல்ல வடிவாம்,” என்றார் அந்தோனிமுத்து.